பெயர் சொல்லி மன்றாடும் முன்: பரிந்துரை ஜெபம் எடுக்கப் போகிறவர்களுக்கு

வியாழக்கிழமை சாயங்காலம் குருவானவர் போன் செய்வார். "இந்த வாரம் பரிந்துரை ஜெபம் நீங்க எடுத்துருங்க" என்பார். சரி ஐயா என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் பயம் வரும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பழைய தாள் ஒன்றைத் தேடி எடுத்து, நோயாளிகளுக்காக ஒன்று, விதவைகளுக்காக ஒன்று, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஒன்று என்று எழுதி முடித்துவிடுவோம். ஞாயிறு காலையில் வாசிப்போம். சபையார் ஆமென் சொல்வார்கள். அந்த வாரம் நம் தெருவில் அழுதவர் ஒருவர்கூட அந்த ஜெபத்தில் இருந்திருக்க மாட்டார்.

ஆராதனையில் சபையின் பெயரால் பிறருக்காக மன்றாடும் இந்த ஜெபத்தை எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், பத்தொன்பது வருடமாக எடுத்துவருகிறேன். புதிதாக வரும் வாலிபர்களுக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும் வாயால் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து எழுதுங்கள். கேட்கையில் அவர் தலை குனியும் என்றால், எவ்வளவு நல்ல வரியானாலும் அடித்துவிடுங்கள்.

இது யாருடைய ஜெபம்

எல்லா மனிதருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் விண்ணப்பம் செய்யும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோத்தேயு 2:1-2). கத்தோலிக்கத் திருச்சபையில் பல நூற்றாண்டுகளாக விடுபட்டுக் கிடந்த இந்த மன்றாட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருப்பலிக்குள் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே வரிசையும் தெளிவாக இருக்கிறது. முதலில் திருச்சபை, அடுத்து ஆள்வோரும் உலகமும், அடுத்து துன்பப்படுவோர், கடைசியில் உள்ளூர் மக்கள். நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனாலும் வேறு சபையானாலும் இந்த வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது என்பேன். நம் வீட்டுத் தேவைகளில் தொடங்கினால் அங்கேயே நேரம் தீர்ந்துவிடும். உலகத்துக்கு அரை வாக்கியம்தான் மிஞ்சும்.

இது உங்கள் தனி ஜெபம் அல்ல, சபையின் ஜெபம். ஆகவே 'நான்' வரக் கூடாது. தேவனைப் பார்த்துப் பேசும்போது தமிழில் 'நாம்' என்றும் வராது. 'நாங்கள்', 'எங்கள்' என்றே வரும். இதெல்லாம் பழக்கத்திலேயே சரியாகிவிடும். கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் 'அவர்கள்'. "ஏழைகளாகிய அவர்களுக்கு இரங்கும்" என்று வாசிக்கும்போது, மாதக் கடைசியில் கையில் பத்து ரூபாயோடு உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பி வெளியே நிறுத்திவிடுகிறோம். "எங்களில் கூலி கிடைக்காமல் இருக்கிறவர்களுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உள்ளே வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை: கேட்கப் போங்கள்

எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது இயேசுவுக்கும் கூட்டத்துக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று இயேசு கேட்டார் (மாற்கு 10:51). அவருக்கே அந்தக் கேள்வி தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை.

எங்கள் சபையில் ஒரு அண்ணன் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலை நான்கரைக்கு வேலைக்குப் போய், எட்டரை ஆராதனைக்குக் குளித்துச் சட்டை மாற்றி வந்து, வாசலை ஒட்டிய பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். அவருடைய தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு மன்றாட்டு எழுதிக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். 'தியாக உள்ளத்தோடு நகரைச் சுத்தம் செய்கிற சகோதரர்களுக்காக' என்று அது தொடங்கும். தாளை இரண்டு கையாலும் பிடித்து, விரல் வைத்து மெதுவாக வாசித்தார். "தியாகம்லாம் இல்ல தம்பி. வேற வேலை யாரும் குடுக்கல. கையுறை வந்து நாலு மாசம் ஆச்சு. பி.எஃப். பிடிக்கிறாங்க, கட்டுறாங்களான்னு தெரியல. அதைச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து முழுவதையும் கிழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன். 'கூலியில் பிடித்த வைப்புநிதியை ஒழுங்காகக் கட்டும் மனதை ஒப்பந்ததாரருக்குத் தாரும்' என்று அந்த ஞாயிறு வாசித்தபோது, முதல் ஆமென் வாசல் பக்கத்திலிருந்துதான் கேட்டது.

ஆகவே வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சபை ஊழியரிடம் பேசுங்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். கத்தோலிக்கப் பங்குகளில், அன்பியம் என்னும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தைப் பாருங்கள். ஜெபக்குறிப்புப் பெட்டி இருந்தால் திறந்து எல்லாச் சீட்டையும் வாசியுங்கள். பெட்டியில் போடாதவர்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

கேளாமல் பெயர் சொல்லாதீர்கள்

ஜெபம் எடுக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் நான் செய்த தவறு இது. எங்கள் சபை அக்கா ஒருவர், கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறேன், ஜெபித்துக்கொள் என்றார். அன்போடுதான் செய்தேன்: பெயரையும் சிகிச்சையையும் சேர்த்து ஆராதனையில் வாசித்துவிட்டேன். அவர் குணமாகி வீடு திரும்பிய பிறகும் மூன்று ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. பார்க்கப் போனேன். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஆராதனையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் ஒன்று, "அம்மாவுக்கு என்ன வியாதி, பரம்பரையா?" என்று விசாரித்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தம்ளரைக் கையில் வாங்கியபோது எனக்கு நேர்ந்த வேதனை இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து மூன்று கேள்வி கேட்காமல் யார் பெயரையும் எழுதுவதில்லை. பெயரைச் சொல்லலாமா? நோயைச் சொல்லலாமா? ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது, அதிலும் கேட்கலாமா? ஒன்றுக்கு 'வேண்டாம்' என்றாலும் 'தேவன் பெயரறிந்த ஒருவருக்காக' என்று போட்டுக்கொள்ளுங்கள். தேவனுக்கு அது போதும். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் இரகசியத்தைக் காக்கவும் அதே வருடம் ஒரு சட்டம் வந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும்படி பேசுவது குற்றம். ஊரின் பெயர், பள்ளியின் பெயர், தகப்பனின் தொழில் எதுவும் ஜெபத்தில் வரக் கூடாது.

தேவனை என்ன சொல்லி அழைப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பழைய ஜெபப் புத்தகங்களில் உள்ள சிறு ஜெபங்களைக் கூர்ந்து பார்த்தால் ஐந்து படி தெரியும். தேவனை அழைப்பது, அவர் செய்த ஒன்றை நினைப்பூட்டுவது, வேண்டுதல், அது எதற்காக என்பது, கிறிஸ்துவின் நாமத்தில் முடிப்பது. இந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டால் எழுதத் தெரியாதவரும் எழுதிவிடலாம். இவற்றில் ஜெபத்துக்கு உயிர் கொடுப்பவை முதல் இரண்டும்தான். பெரும்பாலோர் அவற்றைத்தான் 'சர்வவல்லமையுள்ள தேவனே' என்று ஒரே மூச்சில் தாண்டிப் போகிறார்கள்.

வேதத்தில் ஒவ்வொரு துன்பத்துக்கும் தேவனுடைய முகம் ஒன்று இருக்கிறது. எஜமானி வீட்டுக் கொடுமை தாளாமல் வனாந்தரத்துக்கு ஓடிய ஆகார், தன்னோடு பேசியவரை 'என்னைக் காண்கிற தேவன்' என்று அழைத்தாள். வீட்டு வேலைக்குப் போய் அடி வாங்குகிற பெண்ணுக்காக ஜெபிக்கும்போது அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். விசாரணைக் கைதிகளுக்காக என்றால் 'சிறைச்சாலையில் யோசேப்போடு இருந்தவரே'. அகதிகளுக்காக என்றால் 'பிள்ளையை எடுத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ என்று இராத்திரியில் எச்சரித்தவரே'. கூலி மறுக்கப்பட்டவர்களுக்கு யாக்கோபு 5:4 இருக்கிறது. அங்கே கூக்குரலிடுவது, கொடாமல் பிடித்துவைத்த கூலியே. அறுத்தவர்களின் கூக்குரலும் சேனைகளின் கர்த்தருடைய செவிக்குப் போய்ச் சேருகிறது.

நாள்பட்ட நோயில் இருக்கும் பெண்களுக்காக எழுதும்போது எனக்கு மாற்கு ஐந்தாம் அதிகாரம்தான் நினைவுக்கு வரும். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கு, வைத்தியர்களிடம் சொத்தெல்லாம் போயிற்று, கூட்டத்தில் பின்னால் ஒளிந்து வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். இயேசு அவளை 'மகளே' என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லில் சுகமும் மாண்பும் சேர்ந்து இருக்கின்றன. ஆகவே இப்படித் தொடங்கலாம்:

'கூட்டத்தின் நடுவே நின்று ஒருத்தியை மகளே என்று அழைத்த ஆண்டவரே, மாதக்கணக்கில் வலியோடு வேலைக்குப் போய்வருகிற எங்கள் பெண்களை நினைத்தருளும். தங்கள் வலியை வீட்டில் சொல்லும் தைரியத்தை அவர்களுக்குத் தாரும். கேட்கும் காதை எங்களுக்குத் தாரும். சிகிச்சைக்குப் பணம் தேடும் குடும்பங்களுக்கு வழி திறந்தருளும்.'

அதிகாரிகளுக்காக என்றால் லூக்கா 18 இருக்கிறது. நியாயாதிபதியின் வாசலில் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவை, தனக்கு நியாயம் செய் என்று மட்டுமே கேட்டாள். கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்கும் பாட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு விளக்கம் தேவைப்படாது.

வாயில் வரும் சொற்கள்

பழைய திருப்புதல் என்னும் பழைய வேத மொழிபெயர்ப்பில் மத்தேயு 11:5-ஐ வாசித்துப் பாருங்கள்: குருடர், சப்பாணிகள், குஷ்டரோகிகள், செவிடர். 1995-இல் வெளியான திருவிவிலியம் அதே வசனத்தில் பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், தொழுநோயாளர், காது கேளாதோர் என்கிறது. பழைய திருப்புதலோடு வளர்ந்தவன் நான். அதன் ஓசை என் நாக்கிலேயே இருக்கிறது. வேதபாடம் வாசிக்கையில் அச்சில் உள்ளபடியே வாசிக்கிறேன். ஜெபம் நம் வாயிலிருந்து வருவது. அதில் 'குருடர்', 'குஷ்டரோகி' வேண்டாம். மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசு அலுவலகங்களே பழகிவிட்டன, நமக்கென்ன தயக்கம்?

இன்னொன்று, ஊனத்தை உவமையாக்குவது. 'எங்கள் ஆவிக்குரிய குருட்டுத்தன்மையை நீக்கும்', 'செவிடராய் இருந்தோம்' என்றெல்லாம் சரளமாக வந்துவிடும். வெள்ளைக் கோலோடு வந்து முன்வரிசையில் உட்காரும் ஒருவர் அதைக் கேட்கும்போது அவருக்கு எப்படி இருக்கும்? 'பார்க்க மறுத்தோம்', 'கேட்க மறுத்தோம்' என்றால் குற்றம் நம்மிடமே நிற்கும்.

பேச்சுத் தமிழில் ஜெபிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அழைக்கப்பட்டவர், கிராமத்துத் தமிழிலும் பறை ஒலியிலும் வழிபாட்டை அமைத்தார். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அதில் அப்பனும் உண்டு, அம்மையும் உண்டு.

சுகத்துக்காக ஜெபிக்கும்போது

மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறார் யாக்கோபு (5:14). செய்யுங்கள், நம்பிக்கையோடு செய்யுங்கள். ஆனால் இரண்டு வாக்கியம் உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரக் கூடாது. ஒன்று, 'மருந்தை நிறுத்திவிடுங்கள்'. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாத மருந்து. இருமல் நின்றுவிட்டது என்று நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்ப வரக்கூடும். சர்க்கரை, வலிப்பு, மனநோய் மருந்துகளுக்கும் இது பொருந்தும். 'மருந்தை விடாமல் உட்கொள்ளும் பொறுமையைத் தாரும்' என்று ஜெபத்திலேயே சேர்த்துவிடுவது என் வழக்கம்.

இரண்டு, 'விசுவாசக் குறைவால்தான் குணமாகவில்லை'. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் இது, இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது இருவருமே அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). பவுல் தன் சரீரத்து முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை; கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. பவுலின் விசுவாசத்தில் குறை சொல்ல நாம் யார்? புற்றுநோயில் இருக்கிற ஒரு தாயின் தலையில் நோயோடு பழியையும் ஏற்றுவது பெரிய கொடுமை.

மனநலம் குன்றியவரைப் பிசாசு பிடித்தவர் என்று சொல்லி ஜெபவீட்டில் கட்டிப்போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட குடும்பம் உங்களிடம் வந்தால் ஜெபித்துவிட்டு, 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் கொடுத்து அனுப்புங்கள்.

ஜெபமும் வைத்தியமும் எதிரெதிர் என்று நினைக்கிறவர்களுக்கு வேலூரைக் காட்டுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்க அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை; அங்கேயோ பெண் மருத்துவர் கிடையாது. அந்த இரவு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

நீதிக்காக ஜெபிக்கும்போது

'நாட்டில் நீதி நிலைக்கட்டும்' என்று ஜெபித்தால் யாருக்கும் உறுத்தாது. ஆமோஸ் அப்படிப் பேசவில்லை. நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டுவரட்டும் என்றவர், தராசில் செய்த மோசடி வரைக்கும் எடுத்துச் சொன்னார். நீங்களும் ஒரு விஷயத்தை எடுத்து, அதைச் சரியாக விசாரித்து, குறிப்பாகக் கேளுங்கள்.

மலக்குழி மரணத்தை எடுத்துக்கொள்வோம். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடைக் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவும் தெரிந்த பிறகு எழுதினால் ஜெபம் இப்படி வரும்:

'கூலிக்காரரின் கூக்குரலைக் கேட்கிற தேவனே, சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சடைத்து மரித்த எங்கள் சகோதரர்களை நினைவுகூருகிறோம். இனி ஒருவரையும் இறக்கிவிடாதபடி, இயந்திரத்தை அனுப்பும் கடமை உள்ளவர்களின் மனச்சாட்சியை எழுப்பும். மரித்தவர்களுடைய மனைவி பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய 30 லட்சம், இழுத்தடிப்பும் தரகும் இல்லாமல் கைக்கு வந்து சேரப்பண்ணும். எங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளாமல் இருந்ததை எங்களுக்கு மன்னியும்.'

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? நீதிக்கான ஜெபத்தில் நம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மற்றவர்களைப்போல நான் இல்லை என்று பரிசேயன் ஆலயத்தில் செய்த ஜெபமாகிவிடும்.

மனித மாண்பு என்றதும் பெரிய பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள், மிஷன் சபையில் சேர்ந்தவர்கள் உட்பட, மார்பை மறைத்து உடுத்த முப்பது வருடத்துக்கும் மேல் போராடினார்கள். 1859-இல் அரசு அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி என்ற இயேசு சபைக் குரு, நடுக்குவாத நோயால் தம்ளரைப் பிடிக்க முடியாமல், சிறையில் ஒரு உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5 அன்று, 84-ஆம் வயதில், மும்பை மருத்துவமனையில் இறந்தார். சிறைகளில் இருப்போருக்காக ஜெபிக்கும்போது 'முதியவருக்கு உறிஞ்சுகுழலும், நோயாளிக்கு மருந்தும், ஏழைக்கு வழக்கறிஞரும் கிடைக்கட்டும்' என்று கேளுங்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று சபையாருக்கும் அப்போது தெரியவரும்.

ஆள்வோருக்காக ஜெபிக்கையில் பதவியைச் சொல்லுங்கள், கட்சியைச் சொல்லாதீர்கள். ஒருவரைப் புகழவும் வேண்டாம், சபிக்கவும் வேண்டாம். தேர்தல் நேரத்தில் வழிபாட்டிடத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது நடத்தை விதி. அதைவிட, பெஞ்சில் எல்லாக் கட்சிக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் மனதார ஆமென் சொல்ல முடிய வேண்டும்.

மைக் முன்னால்

நான்கு நிமிடம் போதும். ஐந்து மன்றாட்டு, ஒவ்வொன்றும் நான்கு வாக்கியத்துக்குள். ஒவ்வொன்றையும் ஒரே அழைப்பில் முடியுங்கள்: 'ஆண்டவரே, உம்மை நோக்கிக் கூப்பிடுகிறோம்' என்று நீங்கள் சொன்னால், 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சபை சொல்லும். வாராவாரம் புதுப்புதுப் பதிலுரை வைத்தால் அரை சபை முணுமுணுக்கும், அரை சபை சும்மா இருக்கும். தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டில் இரண்டு தரம் உரக்க வாசியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். துன்பப்படுவோருக்கான மன்றாட்டுக்குப் பின் பத்து எண்ணும்வரை மௌனமாக நில்லுங்கள். முதல் தடவை அந்தப் பத்து விநாடி பத்து நிமிடம்போல இருக்கும். அவசரப்பட்டு நிரப்பிவிட வேண்டாம், அப்போதுதான் பலரும் தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொள்வார்கள்.

கோயிலுக்கு வெளியே

அரசு மருத்துவமனை வார்டில் ஜெபிக்கப் போனால், படுத்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்து வாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்காத குரலில் ஜெபியுங்கள். பல மதத்தவர் கூடும் அஞ்சலிக் கூட்டத்தில் உங்களை ஜெபிக்கச் சொன்னால், மௌனத்தில் தொடங்குங்கள். மற்றவர் வாயில் ஆமெனைத் திணிக்காமல், 'கிறிஸ்தவர்களாகிய நாங்கள் இப்படி வேண்டிக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டு ஜெபியுங்கள்.

நாள்காட்டியில் குறித்துக்கொள்ள

பிப்ரவரி 11, உலக நோயாளர் தினம். மார்ச் முதல் வெள்ளி, உலக ஜெப தினம். பெண்களே முன்னின்று நடத்துவது. ஏப்ரல் 21: 2019-இல் அந்தத் தேதியில் உயிர்த்த ஞாயிறு வந்தது. அன்று காலை இலங்கையில், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் உண்டு. நவம்பர் இரண்டாம் ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு.

டிசம்பர் 25-ஐயும் சேர்க்கச் சொல்வேன். 1968-இல் கிறிஸ்துமஸ் இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மறுநாள் தேதியில்தான் 2004-இல் சுனாமி வந்தது. கேக்கும் பிரியாணியும் நிறைந்த அந்த நாளில் ஒரு மன்றாட்டை இவர்களுக்காக ஒதுக்கினால், பெத்லகேமில் ஏரோது கொன்ற பிள்ளைகளின் கதையும் கிறிஸ்துமஸில் அடக்கம் என்பது சபைக்கு நினைவு வரும்.

திங்கட்கிழமை: நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். தேதி, என்ன கேட்டோம், என்ன ஆயிற்று. ஞாயிறு ஜெபித்ததைத் திங்களன்று அதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் போய்ப் பார்ப்பது என்று ஒரு பெயரையும் போடுங்கள். அடிபட்டவர் வழக்குத் தொடர நினைத்தால் 15100-இல் இலவசச் சட்ட உதவி உண்டு. சாதி வன்கொடுமை என்றால் 14566. இவற்றை நோட்டின் அட்டையிலேயே எழுதிவைத்திருக்கிறோம். காசநோய்க்காக ஜெபித்த ஒரு வீட்டில், சத்துணவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருவதே தெரியாமல் இருந்தார்கள். அக்காமார் இருவர் வங்கிப் புத்தகத்தோடு அந்த அம்மாவைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் வந்தார்கள். மூன்றாம் பத்தியில் 'பணம் ஏறிவிட்டது' என்று எழுதினோம். தூய்மைப் பணி அண்ணனுக்குக் கையுறை ஐந்து வாரம் கழித்து வந்தது. வைப்புநிதி பாதிதான் கட்டியிருக்கிறார்கள். அதையும் அப்படியே எழுதியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பீடத்தின்முன் வைத்து, கிடைத்ததற்கு நன்றியும் கிடைக்காததற்கு முறையீடும் சொல்கிறோம்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வந்தால் ஒரு வரியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். 1950-இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் சேர்க்கச் சொன்னது. 2022-இல் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். எங்கள் நோட்டு நான்கு முறை தீர்ந்து புதிது வாங்கியாயிற்று. அந்த வரிக்கு எதிரே மூன்றாம் பத்தி காலியாகவே இருக்கிறது. வரியைப் புது நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதி, தேதி போட்டுக்கொள்கிறோம்.